பின்கதவில் எழுதிய ஆறு வியாதிகள்

1

“…அங்க நீங்க அஞ்சு பேரும் கூடி ஒக்காந்து பேசியிருந்தாலும் இதையேதான சொல்லியிருப்பீங்க? அப்பறம் இன்னாத்துக்கு கண்ணு நீ மட்டும் தனியா கெடந்து அழுவுற?” என்று என் மகளிடம் கேட்டார் என் அண்ணன்.

போன வருஷம் மாசி மாதம், மரக்காணத்தில், உப்பளத்தைப் பார்த்த எங்கள் பூர்வீக வீட்டின் பின்வாசலில் கேட்ட கேள்வி இது. கேட்டவர் நோயாளி. கேட்கப்பட்டவள் டாக்டருக்குப் படிக்கிறவள். நான் இரண்டு பேருக்கும் நடுவே, கையில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றிருந்தேன்.

அண்ணன் பெயர் கோவிந்தன். உப்பளத்தில் வேலை. சின்ன வயசிலிருந்தே எந்தக் கேள்வியையும் எதிராளி சிரிக்கிற மாதிரிதான் கேட்பார். இதை மட்டும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் என்பதை எழுதத்தான் இன்று பேனாவை எடுத்தேன். ஆனால் அது மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது. முதலிலிருந்து வருகிறேன்.

2

இன்று அண்ணனுக்கு முதல் வருஷத் திவசம். இங்கே கனடாவில் பங்குனி என்றால் வெயில் இல்லை. வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்கிறது. காலையில் ஸ்டீல் பிளாண்ட்டில் ஷிப்ட் முடித்து வந்து, பனியை வாரித் தள்ளி வழி செய்துவிட்டுத்தான் குளித்தேன். மண்வெட்டியைப் பிடித்துப் பனியைக் கரையில் குவிக்கும்போது எனக்கு வேறு ஒரு வெள்ளைக் குவியல் ஞாபகம் வரும். வருஷா வருஷம் வருவதுதான், இன்று கொஞ்சம் கூடுதல். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் ஜன்னலைத் திறந்து, “உன் ஊரில் இந்த வேலைக்குச் சம்பளமாவது கொடுத்திருப்பார்கள்” என்றார். அவருக்கு எங்கள் ஊர் உப்பைப் பற்றி எப்போதோ சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி படையலுக்கு வாழை இலை தேடி நகரத்தின் கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டு வெறும் கையோடு வந்தாள். பீங்கான் தட்டில்தான் படைத்தோம். வடை, பாயசம், அண்ணனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. கருவாடு இங்கே கிடைக்காததால் டப்பா மீன். அண்ணன் பார்த்திருந்தால், “டேய், செத்தவன்தான, தெரியாதுன்னு ஏமாத்துறியா?” என்று கேட்டிருப்பார்.

மாலை போட்ட படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது என் மகள் அஞ்சலை போன் செய்தாள். பனியால் அவர்கள் கட்டடத்தை மூடிவிட்டார்கள், தன் குழுவை நம் வீட்டுக்கு அழைத்து வரலாமா என்று. இன்று என்ன நாள் என்று அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. வரட்டும் என்றேன்.

அப்படித்தான் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அஞ்சலையையும் சேர்த்து ஐந்து மாணவர்களும், பூட்ஸை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் தடுமாறிய ஒரு டாக்டரும் வந்து உட்கார்ந்தார்கள். அவளை அவர்கள் ‘ஏஞ்சி’ என்று கூப்பிடுகிறார்கள். என் அம்மாவின் பெயரை அவளுக்கு வைத்தபோது அது இவ்வளவு தூரம் தேய்ந்து வரும் என்று நினைக்கவில்லை. அவளும் அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்புகிறாள்.

3

இவர்கள் படிக்கிற முறையை ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இல்லை. வாத்தியார் எழுந்து நின்று சொல்லிக்கொடுப்பது இல்லை. முதல் நாளே ஐந்தைந்து பேராகப் பிரித்து ஒரு அறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒரு தாளில் ஒரு நோயாளியின் கதை இருக்கும். இன்ன வயசு, இன்ன வேலை, இன்ன தொந்தரவு என்று வந்தார். அவ்வளவுதான். உடம்பைப் பற்றி ஒன்றுமே படிக்காத பிள்ளைகள் அதைப் பார்த்து என்னவாக இருக்கும் என்று யோசிக்க வேண்டும். தோன்றுவதையெல்லாம் கரும்பலகையில் எழுத வேண்டும். எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் யாரும் சிரிக்கக் கூடாது. பிறகு நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிரித்துக்கொண்டு, தெரியாததை ஆளுக்கொன்றாக எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கூடவே ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார். டியூட்டர் என்று பெயர். விடை என்ன என்று அவரைக் கேட்டால், “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்பார்.

எட்டாம் வகுப்போடு நின்று, கப்பல் எஞ்சின் அறையில் கிடந்த பழைய பேப்பர்களைப் படித்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன் நான். வாத்தியார் இல்லாமல் படிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாத்தியார் இல்லாமல் படிப்பது புதிது. “அவுரு வாயத் தொறக்க அவுருக்குத் தனியா ஏதாவது கொடுக்கணுமா?” என்று என் மனைவி நிஜமாகவே கேட்டாள்.

முதல் ஆறு மாதம் அஞ்சலை பட்ட பாடு சொல்லி முடியாது. எவ்வளவு படித்தால் போதும் என்று சொல்ல ஆளில்லை. ஒரு சிறுநீரகத்தைத் தொட்டால் அது உப்பு, தண்ணீர், ரத்த அழுத்தம் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். “எங்க நிக்கிறதுன்னே தெரியலப்பா” என்பாள். குழுவில் டேவிட் என்று உயரமான ஒரு பையன் பேசிக்கொண்டே இருப்பான். இவள் வாயைத் திறக்கமாட்டாள். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் கேட்டால்தான் பதில் என்று நாங்கள் வளர்த்த பிள்ளை.

பாடம் முடிகிற நாளில் அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொருவரும் மற்றவர்களின் குறையை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். லிண்டா என்ற பெண் இவளிடம், “உனக்குத் தெரிகிறது, ஆனால் சொல்லமாட்டேன் என்கிறாய். உன் அமைதியால் நாங்கள் நஷ்டப்படுகிறோம்” என்று சொல்லிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு லிண்டா மேல் கோபம். அம்மாக்காரியோ, “நம்ம பொண்ணு பேசலன்னு ஒருத்தி கொறப்படுறாளா!” என்று ஆச்சரியப்பட்டாள்.

அதன் பிறகு பேசக் கற்றுக்கொண்டாள். மனசில் தோன்றுவதை அப்படியே சபையில் போடக் கற்றுக்கொண்டாள். தப்பாக இருந்தால் என்ன, அடுத்தவர் திருத்திவிடுவார், அதுதான் குழு என்றாள். சாப்பிடும்போதுகூட, “நான் ஒண்ணு நெனைக்கிறேன், தப்பா இருக்கலாம்” என்றுதான் ஆரம்பிப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

4

இரண்டாம் வருஷத்தில் சில வாரங்களை எங்கே வேண்டுமானாலும் போய்க் கழித்துக் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அவள் மரக்காணம் போகலாம் என்றாள். நானும் லீவு எடுத்தேன். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த நேரம். “பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு வருதுடா, நாமதான் லேட்டு” என்றார் எங்களை அழைத்துப்போக வந்த அண்ணன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. செருப்பு வார் காலில் பதிந்து வாய்க்கால் மாதிரி கிடந்தது.

உப்பு எடுக்கும் பருவம் ஆரம்பித்திருந்தது. பாத்தியில் இறங்கி மிதித்துப் பதப்படுத்துகிற வேலை. அண்ணன் இரண்டு மிதி மிதித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார், மூச்சு வாங்குகிறது என்று அண்ணி சொன்னாள். உள்ளூர் டாக்டர் ஊசி போட்டிருக்கிறார், கேட்கவில்லை. “நம்ம பொண்ணு வருதே, அது பாக்கட்டும்னு இருந்துட்டாரு” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பின்வாசலில் கூட்டம். பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து அண்ணனின் மச்சான்கூட வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். வெளிநாட்டு டாக்டர் கை பிடித்துப் பார்ப்பதைப் பார்க்க வந்த சனம். அஞ்சலை காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பட்ட இடம் பள்ளமாக நின்றது. பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

“அதெல்லாம் வேணாம் கண்ணு. இத்தினி பேரு வேடிக்க பாக்க நான் இன்னா கூத்தாடியா?” என்றார் அண்ணன். மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னாள். அதற்கும், “இழுத்தா முட்டுது. உள்ள இருக்கறத உள்ளயே இருக்க உடு” என்று சிரித்துக்கொண்டே தப்பித்துவிட்டார். சட்டைமேலேயே குழாயை வைத்துக் கேட்டாள்.

பிறகுதான் அது நடந்தது. அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு சாக்பீஸ் வாங்கி, தார் பூசிய பின்கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அங்கே கற்றுக்கொண்டதை இங்கே செய்யப் போகிறாள் என்று எனக்கு மட்டும்தான் புரிந்தது.

“பெரியப்பா, உங்களுக்கு இன்னான்னு நீங்க நெனைக்கிறீங்க?” என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “அது தெரிஞ்சிக்கத்தான கண்ணு நீ கடல் தாண்டி வந்த!” என்றார் அண்ணன்.

அவள் சிரிக்கவில்லை. எல்லோரையும் கேட்டாள். அண்ணி கண்ணேறு என்றாள். மச்சான், உப்புத் தண்ணி கால் வழியா ஏறிடுச்சி என்றார். அஞ்சலை இரண்டையும் கதவில் எழுதினாள், கிண்டலாக இல்லை, அவள் குழுவில் அதுதான் மரியாதை. பிறகு தன்னுடையதைத் தனி வரிசையாக எழுத ஆரம்பித்தாள். இங்கிலீஷில் எழுதி, குழுவில் ஒருவருக்கும் விளங்காமல் போகக் கூடாது என்ற பழக்கத்தில், ஒவ்வொன்றையும் தமிழில் உரக்கச் சொன்னாள். இருதயமா இருக்கலாம். ஈரலா இருக்கலாம். கிட்னியா இருக்கலாம். ரத்தம் கொறஞ்சிருக்கலாம். யானைக்காலா இருக்கலாம். சத்து இல்லாம இருக்கலாம்.

சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வைத்தியர் என்றால் நாடியைப் பிடித்துவிட்டு ஒன்று சொல்வார். தெரியாவிட்டாலும் ஒன்றுதான் சொல்வார். ‘இருக்கலாம்’ என்று ஒரு டாக்டர் சொல்வதை அந்தக் கூட்டம் அதுவரை கேட்டதில்லை. அதனால் அந்தச் சொல்லை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள்.

“ஏம்பா, ஆறுமா?” என்றார் மச்சான் மெதுவாக.

“ஒருத்தனுக்கே ஆறுன்னா, பங்காளிங்களுக்கு ரெண்டு பிரிச்சிக் கொடுத்துடறன்” என்றார் அண்ணன். அவர் ஒருவர்தான் சிரித்தார்.

5

மறுநாள் காலையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் துணியில் காசு முடிந்து தொங்கவிட்டிருந்தாள் அண்ணி. நேர்ந்துகொண்டால் ஒரு முடிச்சு போடுவது வழக்கம். ஆறு முடிச்சு இருந்தது. அஞ்சலை என்னவென்று கேட்டாள். “நீதான சொன்ன. ஒண்ணொண்ணுக்கும் ஒரு சாமி” என்றாள் அண்ணி.

அஞ்சலை விளக்கினாள். ஆறும் இல்லை பெரியம்மா, ஆறில் ஒன்று, எது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும், அங்கே இப்படித்தான் எல்லாவற்றையும் முதலில் சொல்வோம் என்று. அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “செரி கண்ணு. ஆனா பேரு சொல்லிட்ட இல்ல” என்றாள். 

பகலுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. உப்பள முதலாளி ஆளனுப்பி, “கோவிந்தன ரெஸ்ட் எடுக்கச் சொல்லு, ஒடம்பு தேறினதும் வரட்டும்” என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அண்ணன் இடத்தில் வேறு ஆள் அன்றைக்கே இறங்கிவிட்டான். தினமும் எங்கள் பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கும் பக்கத்து வீட்டுக்காரி வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனாள். அஞ்சலை ஒவ்வொரு வீடாகப் போய், தொற்றாது, தொற்றாது என்று சொன்னாள். டாக்டரே வீடு வீடாக வந்து சொல்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிட்டது. நான் பேச்சில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன். என் பேச்சும் எடுபடவில்லை. வெள்ளைக்காரச் சீமையில் இருந்துவிட்டு வந்தவன் எல்லாவற்றையும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான் என்றார்கள்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். வராந்தாவில் காத்திருந்தபோது அஞ்சலை அண்ணனின் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். “டேவிட் இருந்தா இத கேட்டிருப்பான், லிண்டா இருந்தா இத ஞாபகப்படுத்தியிருப்பா. எனக்குப் பாதிதான்பா தோணுது” என்றாள். தன்னோடு சேர்ந்து ஐந்து பேராகப் படிக்கிறதை அண்ணனுக்கும் சொன்னாள். கரும்பலகையும் நூலகமும் நாலு பேரும் இருந்தால்தான் அவள் ஒரு டாக்டர். தனியாக அவள் என் மகள் மட்டும்தான்.

அங்கிருந்த டாக்டர் அவசரக்காரர். காகிதத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், இவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டுவிட்டு இங்கிலீஷில் அவளிடம் மட்டும் பேசினார். இரண்டு கிட்னியும் முடிந்துவிட்டன. மற்ற ஐந்தும் இல்லை. “உங்கள் ஊரில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின் இருக்கிறது. இங்கே இவருக்கு நான் எங்கே போவேன்? உனக்குத் தெரியாததா?” என்றார். திட்டவில்லை. அவர் குரலும் எங்கள் குரல் மாதிரி வழி தெரியாமல்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஓடி வந்தாள். இன்னா சொன்னாங்க என்றாள். அஞ்சலை பழக்கம் விடாமல் கதவுக்குப் போய், கண்ணேறையும் உப்புத் தண்ணியையும், தன் வரிசையில் இல்லை என்று தெரிந்த ஐந்தையும் ஈரத்துணியால் துடைத்தாள். குழுவில் அப்படித்தான் செய்வார்களாம். துடைத்த பிறகுதான் தன் பின்னால் அண்ணி நிற்பதைப் பார்த்தாள்.

அண்ணி கதவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உள்ளே ஓடினாள். சாமி படத்துப் பக்கத்தில் நின்று ஐந்து முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து, காசைக் கண்ணில் ஒற்றி உண்டியலுக்கென்று எடுத்து வைத்தாள். “அஞ்சு போயிடுச்சிங்க! ஒண்ணுதான் பாக்கி! ஒரே நாள்ல அஞ்சு!” என்று தெருவுக்குக் கேட்கும்படி அண்ணனிடம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, இரண்டு நாளுக்கப்புறம், எங்கள் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

அஞ்சலை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மிச்சமிருந்த ஒன்று எது என்று அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று எந்தக் குழுவிலும் அவள் படித்ததில்லை.

6

நாங்கள் திரும்பி வந்ததும் நான் குடியேற்ற அலுவலகத்துக்கு அலைந்தேன். அண்ணனை இங்கே வரவழைத்தால் மெஷின் கிடைக்குமே என்று. கவுண்டரில் இருந்த பெண் இனிமையானவள். “உங்கள் அண்ணன் வருவதற்கு முன் உடல் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று சான்றிதழ் வேண்டும்” என்றாள். நான், ஆரோக்கியமாக இருந்தால் அவர் எதற்கு இங்கே வருகிறார் என்று கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டு, “ஐ ஆம் சாரி” என்றாள். அதற்கு நான், “பரவாயில்லை” என்று தமிழில் சொன்னேன். மறுபடி மறுபடி போனேன். பங்குனியில் தந்தி வந்தது.

இன்று மேசையைச் சுற்றி அவர்கள் ஏதோ ஒரு குழந்தையின் இருமலைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன், வடையும் வைத்தேன். டேவிட் தட்டை எடுக்கத் திரும்பியவன் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டான்.

“ஏஞ்சி, இவர்தானே கதவு மனிதர்?” என்றான்.

ஊருக்குப் போய் வந்ததும் அவள் குழுவில் இதைச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். எங்களிடம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஆமாம். இன்றோடு ஒரு வருஷம்” என்றாள் அவள். ஞாபகம் இருந்திருக்கிறது.

 லிண்டா மெல்லக் கேட்டாள். “அன்றைக்கு நீ எங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. விடை தெரிந்த பிறகு கதவில் என்ன எழுதினாய்? என்ன செய்யலாம் என்கிற பகுதியில்?”

“ஒன்றும் எழுதவில்லை” என்றாள் அஞ்சலை.

ஐந்து பேரும் டியூட்டரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டு வருஷமாக எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத மனுஷர். அவர் வழக்கம்போல, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கக்கூட இல்லை. கையிலிருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருப்பது அங்கேதான். அவர்கள் மறுபடி குழந்தையின் இருமலுக்குப் போய்விட்டார்கள். அஞ்சலையின் குரலும் கேட்கிறது. நான் ஒண்ணு நெனைக்கிறேன், தப்பா இருக்கலாம் என்கிறாள், இங்கிலீஷில்.

இனி, ஆரம்பத்தில் விட்ட இடம்.

அண்ணி முடிச்சு அவிழ்த்த அந்தச் சாயங்காலம், கூட்டம் கலைந்த பிறகு, அஞ்சலை பின்வாசலில் கதவில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொண்டு வந்தேன். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கதவில் துடைக்காமல் விட்ட ஒற்றை வரியைக் காட்டி, “அது எது கண்ணு?” என்றார். கிட்னி என்றாள். “அதுக்கு இன்னா செய்யணும்னு உங்களுக்குத் தெரியுமா?” தெரியும் என்றாள். “இங்க?” அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

அவர் உப்பளப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகுதான், நீங்க அஞ்சு பேரும் கூடி ஒக்காந்து பேசியிருந்தாலும் இதையேதான சொல்லியிருப்பீங்க என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

அண்ணன் சுவரிலிருந்து கையை எடுத்தார். சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையைக் கொடியில் போட்டார். கயிற்றுக் கட்டிலில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “கொழாய வெச்சிக் கேட்டுக்கோ. போயி அந்த நாலு பேருக்கும் சொல்லணுமில்ல” என்றார். அவள் எழுந்து வரும் வரை காத்திருந்து, யாரும் சொல்லாமலே, மூச்சை நன்றாக இழுத்தார்.